விஎம்வேர் ரின்யூவல் தொகை எகிறிவிட்டது: மூன்று ஹோஸ்ட் உள்ள கம்பெனி எங்கே போவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோவைப் பக்கம் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. மூன்று சர்வர் (அதாவது ஹோஸ்ட்), ஒவ்வொன்றிலும் எட்டு கோர் கொண்ட இரண்டு சிபியு, 256 ஜிபி ராம். மூன்றுக்கும் பொதுவாக ஐஸ்கசியில், அதாவது நெட்வொர்க் வழியாக டிஸ்க் கொடுக்கும் முறையில், ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. மொத்தம் 26 விஎம் (சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் இயந்திரம்), அதில் 14 விண்டோஸ், அவற்றில் ஒன்று பழைய விண்டோஸ் 2003-ல் ஓடும் பேரோல். இவற்றை ஓட்டுவது விஎம்வேர் எசென்ஷியல்ஸ் பிளஸ், வெர்ஷன் 7, ஒரு முறை வாங்கினால் என்றைக்கும் ஓட்டலாம் என்ற பெர்பெச்சுவல் லைசன்ஸ். ரின்யூவலுக்கு வந்த கொட்டேஷனைப் பார்த்து எம்.டி. "எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடு" என்கிறார். வெண்டர் சர்வரும் ஸ்டோரேஜும் ஒன்றாக உள்ள நான்கு புது ஹைப்பர்கன்வெர்ஜ்ட் பெட்டி வாங்கச் சொல்கிறார். நண்பர் "பிராக்ஸ்மாக்ஸ் இலவசம், அதைப் போடு" என்கிறார். எது நல்ல ஹைப்பர்வைசர் (ஒரு சர்வரில் பல விஎம்களை ஓட்டும் அடித்தள சாப்ட்வேர்; விஎம்வேர், பிராக்ஸ்மாக்ஸ் எல்லாம் அந்த வகைதான்) என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் "மாற்றினால் திங்கட்கிழமை காலை ஷிப்ட் தடையில்லாமல் ஓடுமா" என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அதற்கான பதிலில் ஹைப்பர்வைசரின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபது வருடமாக சர்வர் அறைகளில்தான் பிழைப்பு. மில், மருத்துவமனை, ஏற்றுமதி கம்பெனி என்று பெரும்பாலும் இரண்டிலிருந்து பன்னிரண்டு ஹோஸ்ட் வரை உள்ள இடங்கள். நூற்றுக்கணக்கில் ஹோஸ்ட் ஓடும் வங்கி டேட்டா சென்டரில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் இடத்துக்கு அதுவே சரியாக இருக்கும். எதையும் விற்பவன் இல்லை.

முதலில் அந்தக் கொட்டேஷன் ஏன் அப்படி வந்தது என்பதைப் பார்த்துவிடலாம், எம்.டி.க்கு விளக்க உதவும். 2022 மே மாதம் விஎம்வேரை வாங்கப்போவதாக பிராட்காம் அறிவித்தது. 2023 நவம்பர் 22-ல் அது முடிந்தது. அடுத்த மாதமே பெர்பெச்சுவல் லைசன்ஸ் விற்பனையை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக மாற்றினார்கள். நீங்கள் வைத்திருக்கும் எசென்ஷியல்ஸ் பிளஸ் என்பது மூன்று ஹோஸ்ட், ஹோஸ்டுக்கு இரண்டு சிபியு என்று சின்னக் கம்பெனிகளுக்காகவே கட்டிக் கொடுத்த பொட்டலம். 2024 கடைசியில் அதுவும் போனது. இப்போது கணக்கு கோர் கணக்கு. அதில்தான் உங்களுக்கு அடி விழுகிறது: ஒரு சிபியுவில் எத்தனை கோர் இருந்தாலும் குறைந்தது 16 என்றுதான் எண்ணுவார்கள். உங்களிடம் உண்மையில் இருப்பது மூன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் எட்டு, 48 கோர். பில் வருவது 96 கோருக்கு. கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள், 96 என்ற எண் எங்காவது இருக்கும். பழைய சர்வர் எப்படியும் மாற்றும் வயதில் இருந்தால், 16 கோர் கொண்ட ஒரே சிபியு உள்ள சர்வர் மூன்று வாங்கினால் கோர் எண்ணிக்கை குறையாது, லைசன்ஸ் கணக்கு மட்டும் பாதியாகும். விஎம்வேரிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றாலும் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆர்டருக்கு இத்தனை கோராவது எடுக்க வேண்டும் என்று தனியாக ஏதாவது குறைந்தபட்சம் உண்டா என்பதையும் ரீசெல்லரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

அப்புறம், பயத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் பெர்பெச்சுவல் லைசன்ஸ் செத்துப்போகவில்லை. சப்போர்ட் முடிந்தாலும், அது முடியும்முன் உங்களுக்கு உரிமையான வெர்ஷனைத் தொடர்ந்து ஓட்டலாம். புது அப்டேட்டுகளைப் போடும் உரிமைதான் இல்லை. ஆனால் வெர்ஷன் 7-க்கு பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது, அதனால் காலவரையில்லாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. இதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு நடந்த உதாரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்க ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) ஓடும் ஆயிரக்கணக்கான ஹோஸ்டுகளைப் பூட்டியது. அது பெரும்பாலும் நுழைந்த ஓட்டைக்கு பேட்ச் வந்தது 2021 பிப்ரவரியில், அதாவது இரண்டு வருடம் முன்னால். மாட்டியவை பெரும்பாலும் பேட்ச் போடாமல், நிர்வாக போர்ட்டையும் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த ஹோஸ்டுகள். உங்கள் ஈஎஸ்எக்ஸ்ஐ, விசென்டர் (விஎம்வேரின் நிர்வாக சர்வர்) இரண்டின் நிர்வாக ஐபியையும் நெட்வொர்க்கில் பிரித்து வைத்த ஒரு தனி விலேனில் அடைத்து, உங்கள் ஒரு கணினியிலிருந்து மட்டும் போகும்படி செய்துவிட்டால் ஆறு மாதம், எட்டு மாதம் நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைக்கும். இந்த "ஆறு, எட்டு மாதம்" என் தைரியம்தான். ஆடிட்டரோ சைபர் இன்சூரன்ஸ் கம்பெனியோ ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நண்பர் சொல்லும் பிராக்ஸ்மாக்ஸ் நம்பத் தகுந்ததா? இதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவை. ஒரு இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் வித்தையை 1960-களிலேயே ஐபிஎம் மெயின்பிரேமில் செய்துவிட்டார்கள். 1972-ல் விஎம்/370 என்று விற்பனைக்கே வந்தது. நாம் பயன்படுத்தும் எக்ஸ்86 சிபியுவில்தான் அது வெகுகாலம் முடியாத காரியமாக இருந்தது, ஏனென்றால் அதன் சில கட்டளைகள் ஹைப்பர்வைசரிடம் சொல்லாமலே நழுவிவிடும். 1998-ல் ஆரம்பித்த விஎம்வேரின் சாமர்த்தியம், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே பிடித்து மாற்றி எழுதியது. அது உண்மையிலேயே பெரிய வேலை, அந்தக் காலத்தில் அந்த விலை தகும். ஆனால் 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும் அந்த வேலையைச் சிபியுவுக்குள்ளேயே வைத்துவிட்டன. 2007-ல் லினக்ஸ் கெர்னல் 2.6.20-ல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. அதோடு ஹைப்பர்வைசர் என்பது பெட்டிக்கடையில் கிடைக்கும் சரக்காகிவிட்டது என்பது என் கருத்து. வியன்னாவில் இருக்கும் பிராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் செய்வது, டெபியன் என்ற லினக்ஸ் மேல் இந்த கேவிஎம்மை வைத்து, நல்ல ஒரு நிர்வாகத் திரையை மாட்டித் தருவது. உங்கள் வெண்டர் காட்டும் பெட்டியில் நியூட்டானிக்ஸ் ஏஹெச்வி இருந்தால் அதுவும் கேவிஎம்தான். அமேசான் கிளவுடின் நைட்ரோவும் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்டதே. அதனால் "என்ஜின் தாங்குமா" என்று கவலைப்பட வேண்டாம், தாங்கும். என்ஜினைச் சுற்றி இருக்கும் சாமான்களில்தான் வித்தியாசம், முக்கியமாக ஸ்டோரேஜில். அதற்கு வருவதற்கு முன்னால் உங்கள் கேள்வியிலேயே இருந்த ஒரு எண் என் கண்ணை உறுத்துகிறது.

"மெமரி மூன்றிலும் 80 சதவீதத்தில் நிம்மதியாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நிம்மதி எங்கே இருக்கிறது? மூன்று ஹோஸ்டில் மொத்தம் 768 ஜிபி. 80 சதவீதம் என்றால் ஏறக்குறைய 614. நாளை ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மிச்சம் இருப்பது 512. அறுநூறை ஐந்நூறில் அடைப்பது குருவி தலையில் பனங்காய் வைப்பதுதான். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்களை மற்றவற்றில் எழுப்பும் ஹெச்ஏ வசதி உங்களிடம் இன்று காகிதத்தில்தான் இருக்கிறது. விஎம்வேரில் இது வெளியே தெரியாது. நீங்கள் ரிசர்வேஷன் (ஒரு விஎம்முக்கென்று மெமரியை ஒதுக்கி வைப்பது) எதுவும் வைக்கவில்லை என்றால் அது எல்லா விஎம்மையும் எழுப்பிவிடும், பிறகு பலூன், ஸ்வாப் என்று டிஸ்க்கை மெமரியாக ஓட்டி, ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக் எல்லாம் ஓடும் சாப்ட்வேர்) திரை திறக்க ஒரு நிமிடம் எடுக்கும். மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி இன்னும் கறார்: எழும்போது கேட்கும் ஸ்டார்ட்டப் மெமரி இல்லையென்றால் அந்த விஎம்மை எழுப்பவே எழுப்பாது. அங்கே போன பிறகு ஒரு ஞாயிறு இரவில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: நீங்கள் பார்க்கும் 80 சதவீதம் "கன்ஸ்யூம்டு" எண்ணாக இருக்கலாம். ஒரு முறை தொட்ட மெமரியை விஎம் இனித் தொடாவிட்டாலும் அது அந்தக் கணக்கிலேயே இருக்கும். "ஆக்டிவ்" எண்ணையும், ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்ணையும் ஒரு மாதக் கடைசி நாளில், சம்பளமும் ஸ்டாக்கும் ஓடும்போது, எடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் 32 ஜிபி கொடுத்து வைத்த விஎம்களில் பாதி 12-ஐத் தாண்டாது. யாரோ ஒரு சாப்ட்வேர் கம்பெனி இன்ஸ்டலேஷன் அன்று கேட்டது, நாமும் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். இந்த ஒரு வேலை முடிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடலாம், செலவில்லாமல்.

சரி, ஸ்டோரேஜ். பிராக்ஸ்மாக்ஸை யூடியூப் பார்த்து முடிவு செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். விஎம்வேரில் விஎம்எஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறது: ஸ்டோரேஜ் பெட்டி கொடுக்கும் ஒரே டிஸ்க் துண்டை, அதாவது லன்னை, மூன்று ஹோஸ்டும் ஒரே நேரத்தில் திறந்து, சண்டை போடாமல் எழுதும். பத்து வருடமாக அது இருப்பதே தெரியாமல் பயன்படுத்தியிருப்பீர்கள். ஹைப்பர்-வியில் அதற்கு இணையாக சிஎஸ்வி இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. ஐஸ்கசி லன் மேல் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் முறை) போட்டுப் பகிரலாம், விஎம்களை ஓடும்போதே நகர்த்தலாம், ஹெச்ஏவும் வேலை செய்யும். ஆனால் டிஸ்க் முழு அளவையும் பிடித்துக்கொள்ளும், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்து, வேண்டுமானால் அதற்கே திரும்புவது) வசதி வெகுநாள் இல்லை. 2025-ல் வந்த வெர்ஷன் 9-ல்தான் அது சோதனை நிலையில் சேர்ந்தது; சோதனை நிலையில் இருப்பதை உங்கள் ஈஆர்பி மேல் நான் போடமாட்டேன். பேக்கப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட்டை நம்பாமல் மேல் மட்டத்திலேயே எடுக்கப்படுகிறது. பிராக்ஸ்மாக்ஸ் உண்மையில் அழகாக ஓடுவது சர்வருக்குள்ளேயே டிஸ்க் இருக்கும்போது. ஒன்று இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டு சில நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்த ஹோஸ்டுக்குப் பிரதி எடுப்பது. ஹோஸ்ட் விழுந்தால் கடைசிப் பிரதிக்குப் பிறகு எழுதிய சில நிமிட டேட்டா போகும், அது உங்களுக்குச் சம்மதமா என்பதை அக்கவுண்ட்ஸ் பிரிவிடம் கேட்க வேண்டும். இன்னொன்று செஃப், எல்லா ஹோஸ்டின் டிஸ்க்கையும் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாகக் காட்டுவது. மூன்று ஹோஸ்டில் அது ஓடும், ஆனால் பத்து ஜிகாபிட்டுக்குக் குறையாத தனி நெட்வொர்க்கும், மின்சாரம் போனாலும் எழுதியதைக் காக்கும் என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியும் இல்லாமல் செஃப்பைத் தொடாதீர்கள். கடையில் கிடைக்கும் சாதா எஸ்எஸ்டியைப் போட்டு செஃப் ஓட்டி, "பிராக்ஸ்மாக்ஸ் ஸ்லோ" என்று திட்டிய மூன்று பேரை எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் ஐஸ்கசி பெட்டிக்கு இன்னும் நான்கைந்து வருட ஆயுளும் வாரன்ட்டியும் இருந்தால், அதை வைத்துக்கொண்டு ஹைப்பர்-விக்குப் போவது குறைந்த உராய்வு. பெட்டி ரிட்டயர் ஆகும் நிலையில் இருந்தால், அந்தப் பணத்தை சர்வருக்குள் நல்ல எஸ்எஸ்டியாகவும் 25 ஜிகாபிட் கார்டாகவும் மாற்றி, பிராக்ஸ்மாக்ஸ். எந்தப் பெட்டி, எந்த வருடம் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு விஷயத்தையும் எடைபோடுங்கள்: உங்கள் டீமில் இரண்டு பேர், இருவரும் விண்டோஸ் ஆட்கள் என்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு கிளஸ்டர் (சேர்ந்து ஓடும் ஹோஸ்ட் கூட்டம்) கோரம், அதாவது பெரும்பான்மை, இழந்து நிற்கும்போது கறுப்புத் திரையில் லினக்ஸ் கமாண்ட் அடிக்கக் கை நடுங்காத ஆள் ஒருவராவது வேண்டும். இல்லையென்றால் பிராக்ஸ்மாக்ஸ் இலவசம் என்பது பேருக்குத்தான். சாக்கெட்டுக்கு, அதாவது சிபியுவுக்கு, இவ்வளவு என்று அவர்கள் விற்கும் சப்போர்ட் சந்தாவை எடுங்கள், உங்களுக்கு ஆறு சாக்கெட். விஎம்வேர் கொட்டேஷனோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. உள்ளூரில் கூப்பிட்டால் வருகிற ஒருவரையும் பிடித்து வையுங்கள்.

விண்டோஸ் லைசன்ஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உங்கள் கேள்விக்குக் கீழே வந்த பதில்களிலும் இருந்தது. ஹைப்பர்-விக்குப் போனால்தான் விண்டோஸ் லைசன்ஸ் செலவு என்றும், பிராக்ஸ்மாக்ஸில் அது மிச்சம் என்றும் சொல்கிறார்கள். இல்லை. ஹைப்பர்வைசர் எதுவானாலும், வழக்கமான முறையில் விண்டோஸ் சர்வர் விஎம் ஓடும் ஹோஸ்டின் எல்லா கோருக்கும் லைசன்ஸ் வேண்டும். ஸ்டாண்டர்டு எடிஷன் ஒரு முறை முழு ஹோஸ்டுக்கும் போட்டால் இரண்டு விஎம். நான்கு விஎம் வேண்டுமென்றால் அதே ஹோஸ்டுக்கு இரண்டாம் முறை போட வேண்டும். உங்கள் ஹோஸ்டில் 16 கோர் என்பதால் ஒரு செட் என்பது 16 கோர் லைசன்ஸ். 14 விண்டோஸ் விஎம்மும் எந்த ஹோஸ்டுக்கும் சுதந்திரமாகப் போகலாம் என்றால் ஹோஸ்டுக்கு ஏழு செட், மொத்தம் 21. எந்த ஹோஸ்டிலும் எட்டுக்கு மேல் விண்டோஸ் விஎம் ஏறாது என்று விதி வைத்துக்கொண்டால் ஹோஸ்டுக்கு நான்கு செட், மொத்தம் 12. ஒரு ஹோஸ்ட் விழுந்தாலும் மீதி இரண்டில் ஏழு ஏழு அடங்கிவிடும். எண்ணிக்கை வரம்பில்லாத டேட்டாசென்டர் எடிஷன் ஸ்டாண்டர்டைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு விலை, மூன்று ஹோஸ்டுக்கு 18 செட்டின் விலை. ஆக உங்கள் எண்ணிக்கையில், ஒழுங்காக இருந்தால் ஸ்டாண்டர்டு லாபம், விஎம் பெருகிக்கொண்டே போகும் என்றால் டேட்டாசென்டர். இப்போது கையில் எத்தனை செட் இருக்கிறது என்று பழைய இன்வாய்ஸ்களைத் தேடிப் பாருங்கள். பல இடங்களில் இந்தத் தேடலின்போதுதான் ஏற்கெனவே லைசன்ஸ் பற்றாக்குறையில் ஓடிக்கொண்டிருப்பது தெரியவரும். சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ சாதனத்துக்கோ வாங்கும் கிளையன்ட் அக்சஸ் லைசன்ஸ் தனிக் கணக்கு.

எம்.டி. சொல்லும் கிளவுடை நான் ஒதுக்கவில்லை. மெயில், வெப்சைட், பேக்கப்பின் ஒரு பிரதி இவை எல்லாம் தாராளமாகப் போகட்டும். ஆனால் உங்கள் ஈஆர்பி பழைய பாணி கிளையன்ட்-சர்வர் சாப்ட்வேர் என்கிறீர்கள். அந்த மாதிரி சாப்ட்வேர் ஒரு திரையைத் திறக்க டேட்டாபேஸிடம் ஐந்நூறு சின்னச் சின்னக் கேள்வி கேட்கும். உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் கால் செகண்ட். கிளவுடுக்குப் போய்வர 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் அதே திரைக்கு 15 செகண்ட். லீஸ்டு லைனை நூறிலிருந்து ஐந்நூறு எம்பி ஆக்கினாலும் இது குறையாது, ஏனென்றால் இங்கே நேரத்தைத் தின்பது குழாயின் அகலம் இல்லை, தூரம். டேட்டாபேஸோடு சேர்த்து ஈஆர்பி கிளையன்ட்டையும் அங்கேயே வைத்து ரிமோட் டெஸ்க்டாப்பில் காட்டினால் சரியாகும், அதற்குத் தனி லைசன்ஸ், தனிச் செலவு. நாள் முழுக்க ஒரே அளவில் ஓடும் 26 விஎம்மைக் கிளவுடில் வாடகைக்கு எடுப்பது, தினமும் ஆபீஸ் போய்வர கால் டாக்சி வைத்துக்கொள்வது போல. மூன்று வருட வாடகையைக் கூட்டி எம்.டி. முன் வையுங்கள். டாலர் விலையையும் ஜிஎஸ்டியையும் சேர்த்து.

ஹைப்பர்கன்வெர்ஜ்ட் பெட்டி நல்ல சாமான்தான். 26 விஎம்முக்கு நான்கு பெட்டி என்பது வெண்டரின் தேவை.

இனி எதற்கு மாறினாலும் உங்களைக் கடிக்கக்கூடியவை. ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் ஈஆர்பி அப்கிரேடுக்கு முன் பாதுகாப்புக்காக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். அப்கிரேடு நன்றாக முடிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம், ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்தோம். மறந்தவன் நான்தான். ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து எழுதுவதெல்லாம் தனி டெல்டா ஃபைலில் போய்ச் சேரும். பதினோராம் நாள் அதிகாலை டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைல்கள் இருக்கும் ஸ்டோரேஜ் இடம்) நிரம்பி, அதில் இருந்த ஏழு விஎம்மும் "இடமில்லை, மறுபடி முயலவா?" என்ற கேள்வியோடு உறைந்து நின்றன. ஸ்னாப்ஷாட்டை அழித்து இடம் பண்ணலாம் என்றால், அழிக்கும் வேலைக்கே கொஞ்சம் இடம் வேண்டும். அன்று காப்பாற்றியது என்ன தெரியுமா? ஒரு டெஸ்ட் விஎம். விஎம்வேரில் ஓடும் ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் டேட்டாஸ்டோரில் இருக்கும். 32 ஜிபி டெஸ்ட் விஎம்மை ஆஃப் செய்ததும் 32 ஜிபி இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் மற்றவை மூச்சு விட்டன. விஎம்வேரே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் இடம்பெயரும்போது ஆளாளுக்கு "எதற்கும் ஒரு ஸ்னாப்ஷாட்" எடுப்பார்கள். யார் எடுத்தது, எப்போது அழிப்பது என்று ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வையுங்கள்.

பேக்கப். தினமும் காலையில் பச்சை டிக்கோடு மெயில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது ஒரு முழு விஎம்மை ரீஸ்டோர் செய்து, எழுப்பி, அதில் ஈஆர்பி லாகின் செய்து பார்த்தீர்கள்? இன்னொரு இடத்தில் ஸ்டோரேஜ் செத்த அன்று பேக்கப் முழுசாக நாஸ் என்ற தனி நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் பேக்கப் சர்வரே ஒரு விஎம், செத்த ஸ்டோரேஜில். சரி, புதிதாக இன்ஸ்டால் செய்து நாஸில் இருப்பதைப் படிக்கலாம் என்றால் பேக்கப்புக்கு என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு. அது எங்கே? ஃபைல் சர்வரில் ஒரு எக்செல்லில். ஃபைல் சர்வர் எங்கே? செத்த ஸ்டோரேஜில். கடைசியில் வேலையை விட்டுப்போன ஒரு பையனுக்குப் போன் போட்டு, அவன் ஞாபகத்திலிருந்து சொன்ன மூன்றாவது பாஸ்வேர்டு திறந்தது. அந்தப் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு அக்கவுண்ட்ஸ் பீரோவில் வையுங்கள், பேக்கப் சர்வரை விஎம்மாக வைக்காமல் தனி இரும்பில் ஓட்டுங்கள். வீம் என்ற பேக்கப் சாப்ட்வேர் 2024 முதல் பிராக்ஸ்மாக்ஸையும் எடுக்கிறது, பிராக்ஸ்மாக்ஸுக்கே சொந்த பேக்கப் சர்வரும் இருக்கிறது, அதனால் கருவி இல்லை என்ற சாக்கு இரண்டு பக்கமும் இல்லை. ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து யாரும் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

இடம்பெயர்ப்பு வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் காட்டுகிறேன், பிராக்ஸ்மாக்ஸை வைத்தே. 2024-ல் வந்த 8.2-லிருந்து ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை நேராக இணைத்து விஎம்களை இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. லினக்ஸ் விஎம்கள் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறியதைத் தவிர வேறு அழும்பு பண்ணாது. விண்டோஸ்தான். பழைய இடத்தில் இருக்கும்போதே விஎம்வேர் டூல்ஸை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், புது இடத்துக்கு வந்தபின் அது போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புது இடத்தில் டிஸ்க்கை நேராக விர்ட்ஐஓவில் (கேவிஎம்மில் வேகமாக ஓடும் மெய்நிகர் டிஸ்க், நெட்வொர்க் கார்டு வகை) மாட்டி எழுப்பினால் நீலத்திரை வரும், ஏனென்றால் பூட் ஆக வேண்டிய டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்க்குக்குள்ளேயே இன்னும் இல்லை. அதனால் முதலில் சாட்டாவில் மாட்டி எழுப்புங்கள். கூடவே ஒரு ஜிபியில் வெற்று டிஸ்க் ஒன்றை விர்ட்ஐஓ ஸ்கசியில் சேருங்கள். விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை மாட்டி டிரைவர்களைப் போடுங்கள். அந்த வெற்று டிஸ்க் டிவைஸ் மேனேஜரில் தெரிந்தால் விண்டோஸ் டிரைவரைக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். பிறகு ஷட்டவுன், வெற்று டிஸ்க்கைக் கழற்றி, பெரிய டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, பூட் வரிசையையும் சரிசெய்து எழுப்பினால் வந்துவிடும். அதோடு நெட்வொர்க் கார்டு புதிது என்பதால் ஐபி போயிருக்கும். பழைய ஐபியைக் கொடுத்தால், அது ஏற்கெனவே இன்னொரு அடாப்டரில் இருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத பழைய விஎம்வேர் கார்டுதான் அது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அழியுங்கள். முதல் விஎம்முக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஐந்தாவதுக்கு டிஸ்க் காப்பி ஆகும் நேரம் மட்டும்தான்.

டொமைன் கன்ட்ரோலரை (எல்லோருடைய விண்டோஸ் லாகினையும் சரிபார்க்கும் சர்வர்) மட்டும் இப்படி இழுக்காதீர்கள். புது இடத்தில் புதிதாக ஒன்று எழுப்பி, பொறுப்புகளை மாற்றி, பழையதை மரியாதையாக ஓய்வு கொடுத்து அனுப்புங்கள். ஹைப்பர்-வி என்றால் கூடுதலாக ஒரு விஷயம்: ஹோஸ்ட்கள் டொமைனில் இருக்கும், டொமைன் கன்ட்ரோலர் அந்த ஹோஸ்ட்களுக்குள் விஎம்மாக இருக்கும். மின்சாரம் மொத்தமாகப் போய் வந்தால் யாரை யார் எழுப்புவது? ஒரு டொமைன் கன்ட்ரோலராவது கிளஸ்டருக்கு வெளியே, ஒரு சின்னப் பெட்டியிலாவது இருக்கட்டும்.

நிஜமான தொல்லை இவற்றில்கூட இருக்காது, மறந்துபோன சின்னச் சாமான்களில்தான் இருக்கும். யூஎஸ்பி டாங்கிள் கேட்கும் டிசைன் வரையும் சாப்ட்வேர். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியைப் பார்த்து லைசன்ஸ் கொடுக்கும் ஏதோ ஒன்று (பழைய மேக்கையே கையால் கொடுத்தால் போதும்). எடைமேடையின் சீரியல் போர்ட். காலையில் கேட்டில் பஞ்ச் அடிக்கும் மெஷின் எந்த ஐபிக்கு டேட்டா அனுப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் நேரம் எடுத்து, 26 விஎம்முக்கும் ஒரு நோட்டுப் போட்டு, எது எதோடு பேசுகிறது என்று எழுதுங்கள். சர்வர் அறைக்குப் போகும்போது பின்பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு பவர் சப்ளையும் ஒரே யூபிஎஸ் கட்டையில் குத்தியிருந்தால் ஒன்றைப் பிரித்து அடுத்ததில் போடுங்கள்.

வரிசை என்று கேட்டால், முதலில் பிரின்ட் சர்வர், டெஸ்ட் விஎம், ஆன்டிவைரஸ் சர்வர் போன்றவை. ஒரு ஹோஸ்டைக் காலி செய்தால்தான் அதில் புது ஹைப்பர்வைசர் போட முடியும், அதற்கே மேலே சொன்ன மெமரிக் கணக்கு முதலில் சரியாக வேண்டும். ஈஆர்பி இரண்டாவது மாதம், மாதக் கடைசி இல்லாத ஒரு சனிக்கிழமை இரவு. பழைய விஎம்மை அழிக்காமல், நெட்வொர்க்கைத் துண்டித்து, இரண்டு வாரம் ஆஃபிலேயே வைத்திருங்கள். அந்த விண்டோஸ் 2003 பேரோல் விஎம் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு விர்ட்ஐஓ எதுவும் முயல வேண்டாம், ஐடிஇ டிஸ்க், இ1000 நெட்வொர்க் கார்டு என்று இப்போது இருப்பதைப் போலவே வையுங்கள், மெதுவாக ஓடினாலும் ஓடும். ஆக்டிவ் மெமரி எண்ணையும் ஸ்டோரேஜ் பெட்டியின் மாடலையும் எடுத்ததும் இங்கேயே போடுங்கள், ஹைப்பர்-வியா பிராக்ஸ்மாக்ஸா என்று அப்போது இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.